ஏழாவது வெடி

பெரியதம்பி மேஸ்திரிக்கு மூக்கு செத்துப்போய்ப் பத்து வருஷம் இருக்கும். கண் விழித்ததிலிருந்து பொடி போடுகிற மூக்கு. ஒரு பக்கம் மல்லிகைப்பூவும் ஒரு பக்கம் அழுகின கருவாடும் வைத்தால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் கிணற்றுக்குள் வெடிக்காரனை இறக்குவதற்கு முன்னால், தினமும் அவனுடைய பெண்சாதியைக் கேட்பார்.

"சவுரி, எறக்கலாமா?"

ராட்டினத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி சவுரியம்மாள் சொல்லுவாள்.

"எறக்கலாம்ண்ணே."

மேஸ்திரியின் கூட்டத்தில் இது சட்டம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு கூட்டத்தில் குடித்துவிட்டு இறங்கின ஒருத்தன் திரிகளைப் பற்றவைத்தான். பற்றவைத்ததையே மறந்து அங்கேயே குந்தி, அதே நெருப்பில் ஒரு பீடியும் பற்றவைத்துக்கொண்டான். அவனை மேலே கொண்டுவர ஒரு சாக்கு போதுமானதாக இருந்தது. அந்தச் சாக்கைத் தூக்கியவர்களில் பெரியதம்பியும் ஒருவர். அதற்குப் பிறகு, கூடப் படுத்து எழுந்தவள் வாயால் சரியென்று சொல்லாமல் எந்த வெடிக்காரனையும் அவர் இறக்குவதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து ஏமாற்றிவிட்டுப் போனதில் மயிலம் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் மோட்டார் காற்றைத்தான் உறிஞ்சியது. தாண்டவராயன் கொல்லைக் கிணறு நாற்பத்தெட்டு அடி. இன்னும் பத்தடி இறக்கினால் ஊற்று வரும் என்று நீரோட்டம் பார்த்தவன் சொல்லியிருந்தான். மண்ணெல்லாம் என்றைக்கோ தீர்ந்து, கீழே கருங்கல். சம்மட்டியால் அடித்தால் பொறிதான் வரும். வெடி வைத்தால்தான் ஆகும்.

முகையூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த தேவசகாயம்தான் வெடிக்காரன். முந்தின நாள் சாயங்காலம் கல்லில் ஒன்றரை முழ ஆழத்துக்குக் குழி போட்டு வைப்பார்கள். மறுநாள் காலையில் அவன் இறங்கி, குழிக்கு ஒரு தோட்டா இறக்கி, மண் இட்டு இறுக்கி, திரியை வெளியே விடுவான். ஒவ்வொரு திரியையும் அடுத்ததைவிட நாலு விரல் நீளமாக அறுப்பான். அப்போதுதான் வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். மேலே இருக்கிறவர்கள் எண்ணலாம். ஏழு வைத்தால் ஏழு கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலை வரைக்கும் கிணற்றில் ஆள் இறங்கக் கூடாது.

எண்ணுவதற்குச் சவுரியம்மாள் தன் கழுத்துச் செபமாலையை வைத்திருந்தாள். ஒரு சத்தத்துக்கு ஒரு மணி. கட்டைவிரல் தானாக நகரும். கடைசி மணியை நகர்த்தின பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

வெடியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அவள் எல்லாவற்றையும் எண்ணினாள். சாராயக்கடையிலிருந்து கொட்டாய்க்கு எத்தனை எட்டு, அவன் எத்தனை தரம் புரண்டு படுத்தான், சோற்றில் எத்தனை கவளம் உள்ளே போயிற்று. செருப்புச் சத்தம் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்தே, இன்றைக்கு அழுவானா, அடிப்பானா, விழுந்து தூங்குவானா என்று அவளால் சொல்லிவிட முடியும். சோறு வடித்துக்கொண்டே எண்ணுவாள். பக்கத்தில் யாராவது பேசினால் காதில் ஏறாது.

"யக்கா, ஒன்ன நான் கூப்புட்டுக்கினே கீறன்," என்பாள் கிருஷ்ணவேணி. கிணற்றடியில் கல் அள்ளுகிற பெண். புருஷன் நடராசன் கீழே சம்மட்டி போடுகிறவன். "நீ இன்னாடான்னா மாதா கோயிலு சொரூபம் மாதிரி நின்னுக்கினு கீற."

"இன்னாமே?"

"ஒண்ணுமில்ல, உப்பு கேட்டன். இனிமே வேணாம். கொழம்ப எறக்கியே வச்சிட்டன்."

மேஸ்திரி இறக்கலாமா என்றுதான் கேட்டார். குடித்திருக்கிறானா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த இடைவெளியில்தான் சவுரியம்மாள் மூன்று மாதமாகக் குடியிருந்தாள்.

தேவசகாயத்துக்கு விடிந்தால் கை நடுங்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. தண்ணீர்ச் சொம்பு பல்லில் மோதிச் சத்தம் போடும். கேப்பு என்பது தோட்டாவை வெடிக்கவைக்கிற, சுண்டுவிரல் நீளக் குழாய். அதில் திரியைச் செருகி வாயோரத்தை நசுக்க வேண்டும். அழுத்தம் இடம் தப்பினால் விரல் இருக்காது, கண் இருக்காது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ஒருநாள் காலையில் அந்தக் கையைப் பார்த்தாள். இந்தக் கையோடு எப்படி இறக்குவது? இறக்க வேண்டாம் என்று சொன்னால், நாளையிலிருந்து இவனை எந்த மேஸ்திரி சேர்ப்பான்? முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தானே சாராயக்கடைக்குப் போய் நின்றாள். கடைக்காரன் சிரித்தான். குடித்த கால் மணி நேரத்தில் தேவசகாயத்தின் கை நின்றுவிட்டது. ஊசியில் நூல் கோக்கிறவன் மாதிரி அன்றைக்கு வேலை செய்தான்.

அன்று முதல் கேப்பை மாவுப் பானைக்குள் ஒரு பாட்டில் இருக்கும். சாயங்காலக் குடி அவனுடையது; காலைக் குடி அவளுடையது. முகையூரில் தங்கச்சி வீட்டில் தங்கி ஏழாவது படிக்கிற மகள் சகாயசெல்விக்கு வாங்கின டானிக்கின் மூடிதான் அளவு. மூடியில் கோடு போட்டிருக்கும். ஆறு மூடி.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வரும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தவசு காலம் நாற்பது நாள். வாரத்துக்கு ஒரு மூடியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் ஈஸ்டருக்கு ஒன்றுமே இருக்காது. குறைத்த மூடிக்குப் பதில் தண்ணீர். அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆண்டவர் உயிர்த்தெழுகிறபோது இவனும் எழுந்துவிடுவான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. எதைப் பாவம் என்று சொல்வது, ஊற்றினதையா, தண்ணீர் கலந்ததையா என்று அவளுக்கே தெரியவில்லை.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஈஸ்டருக்கு இன்னும் ஒன்பது நாள். கணக்குப்படி ஒரு மூடி சாராயம், ஐந்து மூடி தண்ணீர்.

தேவசகாயம் வாயில் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாமே இது, கஞ்சித் தண்ணியா?"

"எல்லாம் அதே சரக்குதான். குடிய்யா."

"கழுதமூத்திரம்கூட இத்தவுட காரமா இருக்கும்."

"குடிச்சிக் குடிச்சி ஒன் நாக்கு செத்துப்போச்சி. மேஸ்திரி மூக்கு மாதிரி."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது பழைய தேவசகாயமாக இருந்தான். கோயில் தேர் இழுக்கும்போது இவளைப் பார்த்து ஓரக்கண்ணால் சிரித்தவன். "இன்னும் ரெண்டு ஊத்து. கை ஒதறுது பாரு."

நீட்டினான். விரல்கள் தனித்தனியாக ஆடின. பானைக்குள் பாட்டிலில் இன்னும் சாராயம் இருந்தது. ஊற்றினால் கை நிற்கும். ஊற்றினால் ஐந்து வாரம் வீண்.

"தீந்துபோச்சி. கூழ் குடி. வயித்துல எதனாச்சும் வுழுந்தா நின்னுடும்."

கேப்பைக் கூழையும் மல்லாட்டைக் கடலைத் துவையலையும் அவன் முன்னால் வைத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அவள் அதற்கு மண் போட்டு மூடினாள். மூடும்போது, ஒரு பத்து எட்டு நடந்தால் சரியாகிவிடும், வெயில் பட்டால் சரியாகிவிடும், வேலையில் கை வைத்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கிணற்றடியில் தாண்டவராயன் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு காணி மல்லாட்டை இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

"யோவ் மேஸ்திரி, ஜல்தியா ஆவட்டும்யா. காய் முத்துற நேரம். இன்னும் ரெண்டு தண்ணி பாயலன்னா பொட்டுக் காயிதான் மிஞ்சும்."

"ஆவுது ஐயா. கல்லு, வெண்ணையில்ல."

மேஸ்திரி ஒரு சிட்டிகை பொடியை இழுத்துத் தும்மினார். தோட்டாப் பையோடு தேவசகாயம் இரும்புத் தொட்டியில் ஏறி நின்றான்.

"சவுரி, எறக்கலாமா?"

தேவசகாயம் இரண்டு கையாலும் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தான். பிடித்திருந்ததால் நடுக்கம் தெரியவில்லை.

"எறக்கலாம்ண்ணே."

ராட்டினம் கிறீச்சிட்டது. அவளும் இன்னும் மூன்று பேரும் கைப்பிடியைப் பிடித்து விட்டு விட்டு இறக்கினார்கள். தொட்டி தரை தட்டினதும் கயிறு தொய்ந்தது. எட்டிப் பார்த்தாள். கீழே அவன் தலை ஒரு பனங்கொட்டை அளவு. குந்தி உட்கார்ந்திருந்தான். ஒன்று கீழே விழுந்து கல்லில் உருளுகிற சத்தம். அவன் தேடுகிறான். மறுபடியும் விழுகிற சத்தம். வழக்கமாக முப்பது நாற்பது நிமிஷத்தில் முடிக்கிறவனுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

"இன்னாடா, கீழயே குடித்தனம் வச்சிட்டியா?" மேஸ்திரி குனிந்து கத்தினார்.

"ஆச்சிண்ணே! பத்த வைக்கிறன்!"

அவள் கைப்பிடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கயிறு மூன்று தரம் இழுபட்டது. நாலு பேரும் பாய்ந்து சுற்றினார்கள். அவள் உதட்டைக் கடித்துச் சுற்றினாள். அவன் தலை மேலே வந்ததும் அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டு, பனைமரத் துண்டுகளையும் முள்ளையும் கிணற்று வாயில் தள்ளிவிட்டு எல்லோரும் புளியமரத்துப் பக்கம் ஓடினார்கள். மேஸ்திரி "வெடியேய்! வெடி!" என்று சாலையைப் பார்த்துக் கத்தினார்.

சவுரியம்மாள் கட்டைவிரலைப் பெரிய மணியில் வைத்தாள்.

முதல் வெடி. இரண்டு. தரை காலுக்குக் கீழே நகர்ந்தது. மூன்று, நாலு. பக்கத்துக் கொல்லையில் ஆயில் என்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து. கொஞ்சம் பெரிதாக, ஆறு.

கட்டைவிரல் ஆறாவது மணியில் நின்றது.

நின்றுகொண்டே இருந்தது. புகை மேலே வந்து வெயிலில் மஞ்சளாகக் கலைந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தினி வச்ச?" மேஸ்திரி கேட்டார்.

"ஏழுண்ணே."

"எனக்கு ஆறு மாதிரிதான் கேட்டிச்சி. இந்த எளவு என்ஜின் சத்தத்துல..."

"ரெண்டு ஒண்ணா வெடிச்சிதுண்ணே. கடைசில ஒண்ணு பெருசா கேட்டிச்சே, அதான். திரிய சமமா அறுத்துட்டன்."

"நீயா? நாலு விரக்கட தப்பாம அறுக்கிறவன் நீ."

"ஒருநாளு தப்பாதா?"

தாண்டவராயன் குறுக்கே வந்தார். "அதான் சொல்றானே. வச்சவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுமா? நாளைக்கின்னு தள்ளினா என் பயிருக்கு நீ பால் ஊத்த வேண்டியதுதான்."

மேஸ்திரி தாடியைச் சொறிந்தார். சவுரியம்மாள் பக்கம் திரும்பினார். "நீ எத்தினி எண்ணன?"

தேவசகாயம் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நனைந்த நாய் பார்க்கிற மாதிரி பார்த்தான். கை இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டிருந்தான்.

"நான்... சரியா எண்ணலண்ணே. என்ஜின் சத்தம்."

விரல் ஆறாவது மணியிலேயே இருந்தது.

"சரி. வேப்பந்தழய வுட்டுப் பொகைய அடிங்க. நடராசு, நீயும் ஒம் பொண்டாட்டியும் ரெடியாவுங்க."

தழைக் கட்டை இறக்கி ஏற்றிப் புகையை வெளியேற்றினார்கள். கிருஷ்ணவேணி புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தலைக்குச் சும்மாடு சுற்றினாள். தன் கூழ்த்தூக்கைக் கொண்டுவந்து சவுரியம்மாள் காலடியில் வைத்தாள்.

"நெழல்ல வையிக்கா. நேத்து வெயில்ல வச்சிட்ட. பொங்கிப் புளிச்சி, குடிக்க சொல்ல மூஞ்சி இப்பிடி ஆயிடுச்சி." மூஞ்சியைச் சுளித்துக் காட்டினாள். "இன்னாக்கா, பேய் பிடிச்சாப்பல கீற? காலைல கூழு குடிச்சியா?"

"குடிச்சன்."

"பொய். ஒதடு வெடிச்சிக் கெடக்கு. அந்த ஆளு வயித்த நீ பாக்கற. ஒன் வயித்த யாரு பாக்கறது?"

சொல்லிவிட்டு நடராசனுக்குப் பக்கத்தில் தொட்டியில் ஏறி நின்றாள். உடைந்த கல்லை வாரிப்போட வேண்டிய முதல் ஆள் அவள். வாருவதற்குமுன் கடப்பாறையால் கல்லைப் புரட்ட வேண்டியவன் நடராசன். எந்தக் கல்லுக்கடியில் அந்த ஏழாவது குழி இருக்கிறதோ, அந்தக் கல்லை.

மேஸ்திரி பொடி டப்பாவை மடியில் செருகினார். வழக்கம் பழகிப்போன வாய். யாரை இறக்குகிறோம் என்று யோசிக்காமலே கேட்டார்.

"சவுரி, எறக்கலாமா?"

கூட இருந்த மூன்று பேரும் அவள் வாயிலிருந்து வார்த்தை வருவதற்காகக் கைப்பிடியைப் பிடித்துக் காத்திருந்தார்கள். மூன்று மாதமாக எத்தனை காலை. ஒவ்வொரு காலையும் அந்த ஒரு வார்த்தை.

"எறக்காதீங்க."

"இன்னா?"

"எறக்காதீங்கண்ணே. ஆறுதான் வெடிச்சிது. நான் எண்ணனன்." செபமாலையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே, விரல் இருந்த மணியோடு நீட்டிக் காட்டினாள். "இங்கதான் நிக்குது. அப்பலேந்து எடுக்கவே இல்ல."

தேவசகாயம் பாய்ந்து வந்தான். "பொய் சொல்றாண்ணே! அவளுக்கு இன்னா தெரியும்?"

"தெரியும். காலைலேந்து அவுருக்குக் கை நிக்கலண்ணே. கேப்ப ரெண்டு தரம் கீழ போட்டாரு, மேலேந்தே கேட்டிச்சி. குடிச்சிட்டுதான் எறங்கனாரு. இன்னைக்கு மட்டுமில்ல. நெதம்." நிறுத்தினால் மறுபடியும் வராது என்று தெரிந்து மூச்சு விடாமல் சொன்னாள். "நான்தான் ஊத்திக் குடுத்தன். என் கையால. அளந்து."

கிருஷ்ணவேணி தொட்டியிலிருந்து இறங்கினாள். நடராசன் அவளுக்குப் பின்னால் இறங்கிக் கெட்ட வார்த்தை ஒன்றைத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"ஊத்தனவளே காட்டிக் குடுக்கற," என்றான் தேவசகாயம். "நான் கேட்டனா? நீயா ஊத்தன. நீயா."

"ஆமா. நானாதான் ஊத்தனன்."

அவன் கையை ஓங்கினான். ஓங்கின கை அந்தரத்தில் ஆடியது. எல்லோரும் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். கையை இறக்கிக்கொண்டு புளியமரத்து வேரில் போய் உட்கார்ந்தான்.

மேஸ்திரி அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளைப் போட்டு வாட்டியது. பொடி டப்பாவை எடுத்தார், திறக்காமல் மறுபடியும் மடியில் வைத்தார். "ஒன் வாய நம்பி எத்தினி பேர எறக்கியிருக்கன், சவுரி," என்றார். கிணற்று வாயில் முள்ளை இழுத்துப் போட்டு மூடினார். தாண்டவராயன் கத்திக்கொண்டே போனார்.

சாயங்காலம் கிருஷ்ணவேணி தன் அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்க வந்த சவுரியம்மாளிடம் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்ன எறக்கியிருப்பியாக்கா?"

"தெரியல."

"தெரியலன்னு சொல்றியே, அது வரைக்கும் சரி."

"குடுத்ததால போச்சா, கொறச்சதால போச்சான்னு யோசிச்சிக்கினே கீறன். முழுசா ஊத்தியிருந்தா கை நின்னிருக்கும். ஒழுங்காப் பத்த வச்சிருப்பாரு. மொதல்லயே குடுக்காம வுட்டிருந்தா..."

"நீ இன்னாத்துக்குக்கா அதப் போட்டுக் கொழப்பிக்கினு கீற? முழுங்கனது அந்த ஆளு தொண்ட. ஒன் தொண்டயா?" சட்டியைக் கவிழ்த்தாள். "எனக்கு ஒம்மேல கோவம்தான். கொழுந்துவுட்டு எரியுது. இந்தா, நெருப்ப எடுத்துக்கினு போ."

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரியே இறங்கினார். குழிகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, கல் கல்லாகக் கையால் நகர்த்தினார். மேலே வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. நேராகச் சவுரியம்மாள் கொட்டாய்க்கு வந்தார். கையில் ஒரு முழத் திரி. நுனி மட்டும் கருகியிருந்தது. நெருப்பு உள்ளே போகவேயில்லை. கல்லுக்கடியில் தோட்டா அப்படியே இருந்தது, நடராசன் எப்போதும் முதலில் கடப்பாறை போடுகிற மேற்கு மூலையில்.

திரியை அவள் முன்னால் மண்ணில் போட்டார். கொட்டாய்க்குள் தேவசகாயம் போர்வைக்குள் சுருண்டு, பல் கிட்டிப்போய் உதறிக்கொண்டிருந்தான். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று விடிகாலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவன என் கூட்டத்துல இனிமே வச்சிக்க மாட்டேன்."

"சரிண்ணே."

"திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போ. இந்த ஒதறலு நல்லதில்ல. எங்கண்ணன் இப்பிடித்தான் போனான்."

"சரிண்ணே."

"நீ வேணா திரும்பி வா. ராட்டினத்துக்குக் கை வேணும்." போகத் திரும்பியவர் நின்றார். "ஆனா எறக்கலாமான்னு ஒன்னக் கேக்க மாட்டேன். யாரப் பத்தியும் கேக்க மாட்டேன்."

அவர் அதைத் தண்டனையாகத்தான் சொன்னார். அவளும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவர் போன பிறகு, ராத்திரி முழுக்கத் தண்ணீர் சுமந்தவள் குடத்தை இறக்கிவைத்த மாதிரி தோள் இரண்டும் தொங்கின. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது.

கூழைக் கரைத்தாள். உப்புப் போட்டாள். சுட்ட கருவாடு ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். எப்போதும் அவன் குடித்து மிச்சம் வைத்ததைத்தான் குடிப்பாள். இன்றைக்கு அவனுக்கு ஒரு சொம்பில் தனியாக வைத்துவிட்டு, முதலில் தான் குடித்தாள். மெதுவாக, வயிறு நிறைகிற வரைக்கும்.

பானைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து அவன் தலைமாட்டில் வைத்தாள். பக்கத்தில் டானிக் மூடியை வைக்கவில்லை.

"இந்தா, இதுல மிச்சம் கீது. ஊத்த நான் மாட்டன். கொட்டவும் மாட்டன். நான் திண்டிவனம் பஸ்ஸுக்குப் போறன். ஆஸ்பத்திரிக்கி வர்றதா இருந்தா வா. வுழுந்தா தூக்குவன். வரலன்னா முகையூருக்குப் போயி பொண்ணப் பாத்துட்டு, திங்கக்கெழம ராட்டினத்துக்கு வந்துடுவன்."

"சவுரி... சவுரி, ஒரே ஒரு வாயி நீயே ஊத்தி..."

"நான் போறன்யா."

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வரப்பில் ஏறினாள். கொல்லைக்கு அந்தப் பக்கம் தார் ரோட்டில் வெயில் நெளிந்தது. மயிலத்திலிருந்து வருகிற பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிட ஆரம்பித்திருந்தது. கிருஷ்ணவேணி யாரையோ திட்டுகிற குரல்.

பின்னால் வரப்பில் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. அது பாட்டிலோடு வருகிறதா, இல்லாமல் வருகிறதா என்று தெரியவில்லை. கட்டைவிரல் தானாகக் கழுத்துக்குப் போயிற்று. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

நாலோடு விட்டுவிட்டு, பஸ்ஸை நிறுத்தக் கையை நீட்டினாள்.